சாம்பல் அள்ளியவர்கள்

கிழக்கு டர்ஹாமின் சுரங்கக் கிராமங்களில் நிலக்கரி மூட்டையில் வராது. லொறி பின்தெருவுக்குள் நுழையும், ஒவ்வொரு வீட்டுப் பின்கதவுக்கும் நேரே ஒரு குவியலைக் கொட்டும், போய்விடும். ஏறக்குறைய ஒரு டன். மழையோ பனியோ, இருட்டுவதற்குள் அதை அள்ளி, சுவரில் பதித்த சின்ன மரக்கதவு வழியே கரி அறைக்குள் வீசி முடிக்கவேண்டும். பிறகு தெருவைக் கூட்டிக் கழுவவேண்டும். திங்கட்கிழமை வந்துவிட்டால் இன்னும் மோசம். அன்று ஊர் முழுக்க உடுப்புத் தோய்க்கும் நாள். பின்தெருவுக்குக் குறுக்கே கட்டிய கொடிகளில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் தொங்கும். லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான், பெண்கள் ஓடிவந்து விரிப்புகளைச் சுருட்டுவார்கள், சுருட்டிக்கொண்டே அவனுடைய பரம்பரையை விசாரிப்பார்கள். டொக்டர் வீட்டுப் பெண் என்பதால் நான் ஒன்றும் விளங்காதவள்போல நிற்பேன்.

1971இல் கணவருக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் சுரங்கப் பகுதிகளில் இலங்கை, இந்திய டொக்டர்மார் நிறையப் பேர் இருந்தார்கள். உள்ளூர் டொக்டர்மார் போக விரும்பாத இடங்கள் எங்களுக்குக் கிடைத்தன. அங்கே நிலக்கரி என்பது கூலியின் ஒரு பங்கு. சுரங்கத்தில் இறங்குபவனுக்கு வரும், ஓய்வுபெற்றவனுக்கும் வரும், கைம்பெண்ணுக்கும் வரும். எங்களுக்கு அந்த உரிமை இல்லை, காசு கொடுத்து வாங்கினோம். ஆனால் பக்கத்து வீட்டு அம்மா வாளியில் கொண்டுவந்து பின்கதவில் வைப்பார். விற்கக்கூடாது என்று விதி. கொடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எழுபதை நெருங்கிய அவரை மனதுக்குள் ஆச்சி என்றே வைத்திருந்தேன். அவர் என்னை, ஊரில் எல்லோரையும் அழைப்பதுபோல, ‘பெட்’, அதாவது செல்லமே, என்பார்.

பன்னாடையும் பொச்சுமட்டையும் வைத்துக் குசினி அடுப்பு மூட்டி வளர்ந்தவள் நான். அந்த வித்தை நிலக்கரியிடம் செல்லாது. விறகு தரையில் கிடந்தபடியே எரியும். நிலக்கரிக்குக் கீழிருந்து காற்று வேண்டும், ஆகவே இரும்புக் கம்பித் தட்டு வேண்டும். பற்றிக்கொள்வதற்கே பெரும் சூடு வேண்டும், ஆகவே அதற்கு அடியில் விறகு, அதற்கும் அடியில் காகிதம். ஆச்சி பத்திரிகைத் தாளை நீளமாக முறுக்கி முடிச்சுப் போடுவார், மேலே விரல் தடிப்பில் சிராய்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவார், அதன் மேல் முந்திய நாள் சாம்பலில் அரித்தெடுத்த பாதி எரிந்த கட்டிகள், கடைசியாகப் புதுக் கரி. தீக்குச்சி வைத்ததும் ‘பிளீசர்’ என்ற இரும்புத் தகட்டை அடுப்பின் வாயில் சாத்திவிடுவார். காற்றுக்கு வேறு வழியில்லாமல் தட்டின் அடியால் இழுபட்டு மேலேறும். உள்ளே ஓர் உறுமல் கேட்கும். தகடு சிவக்கும் முன்னர் அதை எடுத்துவிட வேண்டும். தகடு இல்லாத வீடுகளில் கரி அள்ளும் மண்வெட்டியை நிறுத்தி, அதன் மேல் பத்திரிகையை விரித்துப் பிடிப்பார்கள். பத்திரிகை நடுவில் மஞ்சளாகி, பழுப்பாகி, சில நாள் தீயும் பிடிக்கும்.

இவ்வளவும் செய்தால் அறையில் ஒரு பக்கம் சூடு. நெருப்பை நோக்கிய முழங்கால் வேகும், முதுகு குளிரும். படுக்கை அறையில் நெருப்புக் கிடையாது, நோயோ பிரசவமோ என்றால்தான். மார்கழி, தை விடியலில் சன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் பனி பூத்திருக்கும். குளிரில் விறைத்த காலை நெருப்புக்கு அருகே நீட்டினால் விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கும். கணவரிடம் வரும் பெண்களில் பலர் அந்தக் கால்விரல்களோடு வந்தார்கள். எரிகிற கரியின் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு புகையோடு வானத்துக்குப் போய்விடுகிறது என்று பின்னர் படித்தேன். படித்துத்தான் தெரியவேண்டும் என்பதில்லை, கூரைக்கு மேல் புகைபோக்கிக்கு அருகில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் புறாக்களுக்கே அது தெரிந்திருந்தது.

இங்கிலாந்து திறந்த கரி அடுப்பை ஏன் கைவிட்டது என்று கேட்டால், எல்லோரும் 1952 டிசம்பர் லண்டன் புகைமூட்டத்தையும் அதற்குப் பிறகு வந்த சட்டத்தையும் சொல்வார்கள். பாதிதான் சரி என்பது என் கட்சி. புகையைப் பற்றி அந்த நாட்டில் எழுநூறு வருடமாகப் புகார் இருந்தது. எழுநூறு வருடமும் எரித்தார்கள். சாம்பல் அள்ள ஆள் கிடைக்காமல் போனபோதுதான் அடுப்பு அணைந்தது.

புகாரின் வயதைச் சொல்கிறேன். 1257இல் மூன்றாம் ஹென்றியின் மனைவி எலினோர் நொட்டிங்ஹாம் கோட்டையில் தங்கப் போய், ஊரின் கரிப்புகை தாங்காமல் வேறு கோட்டைக்கு இடம் மாறினார். 1306இல் முதலாம் எட்வர்ட் லண்டன் தொழிலாளர் நிலக்கரி எரிக்கக்கூடாது என்று ஆணையிட்டார். சுண்ணாம்புச் சூளைக்காரர் முதலானோரைக் குறிவைத்த ஆணை அது. வீடுகளில் அப்போது விறகுதான். பெரும்பாலான வீடுகளில் புகைபோக்கி என்ற ஒன்றே இல்லை. கூடத்து நடுவில் நெருப்பு, கூரையில் ஒரு துவாரம். விறகுப் புகையோடு அப்படி வாழலாம், கந்தகம் கலந்த கரிப்புகையோடு முடியாது.

பதினாறாம் நூற்றாண்டில் லண்டன் பெருத்தது, விறகு விலை ஏறியது. டைன் ஆற்று வாயிலில் இருந்து நிலக்கரி கப்பலில் வந்தது. வீட்டுக்குள் அது வரவேண்டுமானால் வீடே மாறவேண்டும்: செங்கல் புகைபோக்கி, ஒடுங்கிய குழாய், தரையிலிருந்து உயர்த்திய கம்பித் தட்டு. வில்லியம் ஹரிசன் என்ற பாதிரியார் 1577இல் இங்கிலாந்தைப் பற்றி எழுதியபோது, தன் ஊர்க் கிழவர்கள் தங்கள் காலத்தில் மாறியவை என்று வியந்து சொன்னவற்றில் முதலாவதாகப் புதிதாக முளைத்த புகைபோக்கிகளின் கூட்டத்தைக் குறித்து வைத்தார். அடுத்த நூற்றாண்டில், உள்நாட்டுப் போரின்போது நியூகாசில் கரிக்கப்பல்கள் தடைப்பட்டன. லண்டன் குளிரில் நடுங்கிவிட்டது. ஒரு தலைநகரின் உடம்புச் சூடு முந்நூறு மைல் தள்ளி இருந்த ஓர் ஆற்று வாயிலின் கையில் போயிருந்தது.

அரசாங்கம் இதைக் கவனிக்காமல் இருக்குமா? 1662இல் அடுப்பு வரி வந்தது. ஓர் அடுப்புக்கு வருடத்துக்கு இரண்டு ஷில்லிங், இரண்டு தவணை. எண்ணுவதற்கு ஆள் வீட்டுக்குள்ளேயே நுழைவான், படுக்கை அறை வரை வருவான். சனங்கள் அடுப்புகளைச் செங்கல் வைத்து மறைத்தார்கள். ஒக்ஸ்ஃபோர்ட்ஷயரில் சேர்ச்சில் என்ற கிராமத்தில், வரியை மிச்சம் பிடிக்க ஒரு பேக்கரிக்காரர் வீட்டில் பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்கு ஓட்டை போட்டு, 1684இல் ஊரில் ஒரு பகுதியே எரிந்துபோனது என்று சொல்வார்கள். வரி 1689இல் ஒழிந்தது. நிலக்கரி மேல் லண்டன் வாங்கிய இன்னொரு வரி அப்படி ஒழியவில்லை. 1666 பெருந்தீக்குப் பிறகு நகரையும் செயின்ட் போல் பேராலயத்தையும் திரும்பக் கட்டியது அந்தக் காசுதான். கட்டி முடித்த வெள்ளைக் கல்லை அதே நிலக்கரி கறுப்பாக்கியது. ஜோன் ஈவ்லின் 1661லேயே லண்டன் புகையைப் பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதி இரண்டாம் சார்ள்ஸ் மன்னரிடம் கொடுத்திருந்தார். தொழிற்சாலைகளை ஊருக்கு வெளியே தள்ளுங்கள், மணம் வீசும் செடிகளை நடுங்கள் என்றார். மன்னர் மகிழ்ந்தார். அதோடு சரி.

இனித்தான் எனக்குப் பிடிக்காத பகுதி.

நிலக்கரிப் புகை ஏறும் குழாய் ஒடுங்கியதாக இருக்கவேண்டும். மூன்று, நான்கு மாடி வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் தனி அடுப்பு. எல்லாக் குழாய்களும் ஒரே சுவருக்குள் வளைந்து நெளிந்து மேலேறவேண்டும். பதினான்கு அங்குலத்துக்கு ஒன்பது அங்குலம் பொதுவான அளவு. ஒன்பதுக்கு ஒன்பதும் உண்டு. அதற்குள் ஏறிப் புகைக்கரியைச் சுரண்ட ஒரு குழந்தையால்தான் முடியும். ஆறேழு வயதுப் பிள்ளைகளை ஏழைப் பெற்றோரிடமிருந்தும் அநாதை விடுதிகளிலிருந்தும் எடுத்தார்கள். முழங்கையும் முழங்காலும் தோல் உரிந்து புண்ணாகும். உப்புநீர் தேய்த்து நெருப்புக்கு முன் நிறுத்திக் காய்ச்சிக் கெட்டியாக்குவார்கள். 1775இல் பேர்சிவல் பொட் என்ற லண்டன் அறுவை மருத்துவர், இந்தத் தொழிலில் வளர்ந்த ஆண்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். ஒரு தொழில் புற்றுநோய் தருகிறது என்று மருத்துவம் காட்டிய ஆரம்ப உதாரணம் அது. கணவருக்கு இந்தக் கதை மருத்துவக் கல்லூரியிலேயே தெரியும். பாடப்புத்தகத்தில் அது நோயின் கதை, அடுப்பின் கதையாக அங்கே வராது என்றார்.

எட்டு வயதுக்கு உட்பட்டவனை ஏற்றக்கூடாது என்று 1788இல் சட்டம். யாரும் கவனிக்கவில்லை. 1803 அளவில் ஜோர்ஜ் ஸ்மார்ட் என்பவர் மூங்கில்போல் உள்ளீடற்ற தண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, நுனியில் தூரிகை வைத்துத் துடைக்கும் கருவியைச் செய்துவிட்டார். ஆகவே கருவி இல்லை என்ற சாக்குக்கே இடமில்லை. ஆனால் கூரிய வளைவுள்ள குழாய்களில் அது போகாது, சுவரை உடைத்துத் திருத்தவேண்டும். கம்பளத்தில் கரி கொட்டும். பிரபுக்கள் சபையில் மசோதாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட யாரும் ஏறக்கூடாது என்று 1840இல் சட்டம் வந்தது, அதுவும் தாளில் கிடந்தது. 1875இல் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனையின் புகைபோக்கியில் ஏறிய ஜோர்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் சிக்கி, சுவரை உடைத்து வெளியே எடுத்தும் இறந்துபோனான். அதே வருடம் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியில் உரிமம் கட்டாயமான பின்னர்தான் பிள்ளைகள் ஏறுவது நின்றது. கருவிக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையில் எழுபது வருடம். அந்த எழுபது வருடமும் மாலை நேரத்தில் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டிய நல்ல மனிதர்கள் நிறைந்த நாடுதான் அது.

பிள்ளைகள் போனபின் வேலைக்காரிகள் இருந்தார்கள். திருமதி பீட்டன் 1861இல் வெளியிட்ட வீட்டு நிர்வாக நூலில் வேலைக்காரியின் பெட்டிக்குள் என்னென்ன இருக்கவேண்டும் என்று பட்டியலே உண்டு: தூரிகைகள், தோல் துண்டு, உப்புத்தாள், அடுப்பின் இரும்பைக் கறுப்பாக மினுக்கும் காரீயம். பென்சிலுக்குள் இருக்கும் அதே காரீயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று அது. சிங்களக் கிராமங்களில் குழி தோண்டி எடுத்தது உலோகம் உருக்கும் கலங்களுக்கும் அடுப்புப் பொலிஷுக்கும் கடல் கடந்து போனது. வீட்டார் எழும்பும் முன்னரே வேலைக்காரி ஒவ்வோர் அறையாக முழந்தாளிட்டு, சாம்பல் எடுத்து, இரும்பை மினுக்கி, நெருப்பு மூட்டி, அடுத்த அறைக்குப் போகவேண்டும். அவள் வந்துபோன சத்தம் படுத்திருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது. பகல் முழுக்கக் கரி மேலே ஏறவேண்டும், சாம்பல் கீழே இறங்கவேண்டும். 1931 குடிக்கணக்கில்கூட இங்கிலாந்தில் பத்து லட்சத்துக்கு மேல் பெண்கள் வீட்டு வேலையில் இருந்தார்கள்.

அடுப்பைத் திருத்த யாரும் முயலவில்லை என்பதில்லை. ரம்ஃபோர்ட் பிரபு 1790களில் அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சரித்து, புகை போகும் தொண்டையை ஒடுக்கினார். வெப்பம் அறைக்குத் திரும்பியது, புகை அறைக்குள் வருவது குறைந்தது, லண்டனில் அது நாகரிகமாகவே ஆனது. ஆனால் ஜேர்மனியிலும் ரஷ்யாவிலும் இருந்த மூடிய ஓட்டு அடுப்பை ஆங்கிலேயர் தொடவில்லை. அது குறைந்த எரிபொருளில் இரவு முழுக்கச் சூடு தரும். ஒரே குறை, நெருப்புத் தெரியாது. ஜோர்ஜ் ஓர்வெல் 1945 டிசம்பரில் ஒரு லண்டன் பத்திரிகையில் திறந்த அடுப்புக்காக வாதாடிக் கட்டுரை எழுதினார்: அது அறையின் ஒரு மூலையை மட்டும் சூடாக்குவதே நல்லது, குடும்பத்தை ஒன்றாக உட்கார வைக்கிறது என்பது அவர் நியாயம். அது வீண் செலவு, அழுக்கு, வேலை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். விகன் பக்கத்தில் கழிவு மேட்டில் கரி பொறுக்கும் வேலையில்லாத் தொழிலாளரைப் பற்றி 1937இல் அவ்வளவு கூர்மையாக எழுதியவர், இந்த வேலையை யார் செய்வது என்ற கேள்வியை ஏன் இவ்வளவு லேசாகக் கடந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. அவருடைய கட்டுரையில் குடும்பம் எப்போதும் நெருப்புக்கு முன் உட்கார்ந்தே இருக்கிறது. ஆச்சியின் வீட்டில் ஒருவர் உட்காரவில்லை.

ஆச்சிக்குக் கணவரும் மூன்று மகன்மாரும். நால்வரும் சுரங்கம், நால்வருக்கும் வெவ்வேறு முறை. ஒருவன் நள்ளிரவு தாண்டிப் போவான், ஒருவன் காலையில் வருவான், ஒருவன் பின்னேரம். போகிறவனுக்குச் சாப்பாடு, வருகிறவனுக்குச் சுடுதண்ணி. சுரங்க வாசலில் குளியலறைகள் கட்டும் வரை தகரத் தொட்டியை அடுப்புக்கு முன்னால் இழுத்துப் போட்டு, அடுப்பின் பக்கத்துக் கொதிகலனில் இருந்து தண்ணீர் மொண்டு ஊற்றி அவர்கள் முதுகை இவர் தேய்த்தார். நெருப்பு ஒருநாளும் அணையக்கூடாது. இரவில் ஈரக் கரித்தூளைப் போட்டு மூடிவைத்து, நான்கு மணிக்குக் குத்திக் கிளறி எழுப்புவார். அந்தக் காலத்தில் ஒரே மூச்சாக நான்கு மணித்தியாலத்துக்கு மேல் படுத்ததாக நினைவில்லை என்றார். சுரங்கத்துக்குள் நிலக்கரி எடுத்தவர்களுக்குச் சங்கம் இருந்தது, கொடி இருந்தது, ஆடி மாதத்தில் டர்ஹாம் நகரில் பாண்டு வாத்தியத்தோடு பெருவிழா இருந்தது. அதே நிலக்கரியை வீட்டுக்குள் சுமந்தவர்களுக்கு இதொன்றும் இல்லை.

1952க்கு வருகிறேன். டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மேல் காற்று அசையவில்லை. குளிர் என்பதால் எல்லா வீட்டிலும் அடுப்பு. போருக்குப் பிந்திய கடனில் இருந்த நாடு நல்ல கரியை வெளிநாட்டுக்கு விற்றது. வீட்டுக்காரருக்குப் பங்கீட்டில் அளந்து கொடுத்தது, தட்டுப்பாட்டைச் சமாளிக்கத் தூளும் துண்டுமான மட்டக் கரியை அந்த மாதத் தொடக்கத்தில்தான் பங்கீடு இல்லாமல் விற்கவிட்டது. ஸ்மித்ஃபீல்ட் கால்நடைக் கண்காட்சிக்கு வந்த மாடுகள் மூச்சுத்திணறிச் செத்தன. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள் புகை புகுந்து இசை நாடகம் இடையில் நின்றது. நாலாயிரம் பேர் இறந்ததாக அப்போது கணக்கு. பிற்கால ஆய்வுகள் பன்னிரண்டாயிரம் வரை சொல்கின்றன. அரசாங்கம் முதலில் தட்டிக்கழித்தது. சேர் ஹியூ பீவர் தலைமையில் குழு அமைந்தது, 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதற்கு முப்பது வருடம் முந்திய 1926 சட்டம் வீட்டு அடுப்பைத் தொடவே இல்லை. இந்த முறைதான் நாட்டின் புகைச் சட்டம் முதன்முதலாக வீட்டுக் கூடத்துக்குள் கால் வைத்தது. புகையற்ற பகுதி என்று உள்ளூராட்சி அறிவிக்கலாம். அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கு பொதுப்பணத்திலிருந்து.

அறிவிக்கலாம் என்றுதான் சட்டம். அறிவிக்கவேண்டும் என்றல்ல. லண்டன் அறிவித்தது. சுரங்கப் பகுதிகளின் கவுன்சில்கள் அறிவிக்கத் தயங்கின, உறுப்பினர் பலரும் சுரங்கத்தார் அல்லவா? கூலியாக வரும் கரியை எரிக்கக்கூடாது என்று எப்படிச் சொல்வது? ஆகவே சட்டம் வந்து பதினைந்து வருடம் கழித்து நான் போய் இறங்கியபோதும் எங்கள் ஊரில் மாலை நான்கு மணிக்குப் புகை கீழிறங்கித் தெருவில் படுத்தது. கணவரின் காத்திருப்பு அறையில் இருமாத ஆள் இல்லை. சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்ட ஆண்கள், வீட்டுப் புகையால் நெஞ்சு கெட்ட பெண்கள்.

1972 ஜனவரி 9இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது, ஏழு வாரம். மின்சாரம் முறைவைத்து நின்றது. கரி கொட்டும் லொறியும் நின்றது. சனங்கள் கடலுக்குப் போனார்கள். அந்தக் கரையோரச் சுரங்கங்கள் தங்கள் கழிவை நேரே கடலில் கொட்டின; மணல் கறுப்பு, அலை கறுப்பு. 1971இல் வந்த ‘கெட் கார்ட்டர்’ படத்தின் கடைசிக் காட்சியில் மைக்கேல் கேய்ன் ஓடுவது அங்கே, பிளாக்ஹோல் கரையில்தான். அலை கழிவை அரித்து, எடை குறைந்த கரித் துண்டுகளைக் கரையில் கோடாக ஒதுக்கிவிட்டுப் போகும். அதை வாரிச் சாக்கில் கட்டி, சைக்கிள் சட்டத்தின் குறுக்கே போட்டு உருட்டிக்கொண்டு வருவார்கள். உப்புக் கரி படபடவென்று வெடித்து எரியும். ஆச்சி ஒரு சாக்கை எங்கள் வாசலிலும் இறக்கச் சொன்னார்.

பின்னர் வந்த பெரிய வேலைநிறுத்தம், 1984 மார்ச் முதல் ஒரு வருடம், இவ்வளவு லேசாகப் போகவில்லை. யோர்க்ஷயரில் கோல்ட்தோர்ப் என்ற ஊரில் அந்த நவம்பரில் பழைய மேடொன்றைக் குடைந்து கரி பொறுக்கிய சகோதரர் இருவர், பதினான்கும் பதினைந்தும் வயது, மண் சரிந்து இறந்தார்கள். நாட்டின் பெரும் பகுதி அதற்குள் குழாயில் வரும் எரிவாயுவுக்கு மாறிவிட்டிருந்தது.

வட கடலில் 1965இல் எரிவாயு கிடைத்தது. 1967 முதல் பத்து வருடத்தில் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய், பழைய வாயுவுக்குச் செய்த அடுப்புகளையும் சூடாக்கிகளையும் புதிய வாயுவுக்கு மாற்றினார்கள். 1970களின் தொடக்கத்தில் பாதிக்கும் குறைந்த வீடுகளில்தான் எல்லா அறைக்கும் சூடு தரும் ஏற்பாடு இருந்தது. பிறகு அது பரவிய வேகத்தைப் பார்த்தவள் நான். சட்டம் கட்டாயப்படுத்தாத எங்கள் ஊரிலும் பரவியது. இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலைக்குப் போன வேலைக்காரிகள் பெரும்பாலும் திரும்பவில்லை; இப்போது மனைவிமாரும் தொழிற்சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். மாலை ஐந்தரைக்கு இருட்டிய வீட்டுக்கு வந்து முழந்தாளிட்டு நெருப்பு மூட்ட எந்தப் பெண் விரும்புவாள்?

ஆச்சியின் மூத்த மகன் அவருக்கு எரிவாயுச் சூடாக்கி வைத்துக் கொடுத்தான். அழகுக்காக அடுப்பை அப்படியே விடலாம் என்றான். ஆச்சி விடவில்லை. தகடு, குத்துக்கோல், சாம்பல் தட்டு எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்து, அடுப்பு வாயைப் பலகை வைத்து அடித்து, அதன் மேல் பூப்போட்ட தாளும் ஒட்டிவிட்டார். அவருடைய கணவருக்குப் பெரிய துக்கம். நுரையீரலில் பாதி தூசி. ஆனாலும் நெருப்பு இல்லாத அறை செத்த அறை என்று என் கணவரிடம் முறையிட்டார், டொக்டர் சொன்னால் பெண்சாதி கேட்பாள் என்று. நெருப்பு ஒரு துணை, அதோடு பேசிக்கொண்டு இருக்கலாம் என்றார். குசினியில் இருந்து ஆச்சி சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: “நீங்கள் அதோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் அதுக்கு ஐம்பது வருடம் சோறு போட்டேன்.”

டர்ஹாமின் கடைசிச் சுரங்கமான வேர்மவுத் 1993 டிசம்பரில் மூடியது. பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கம், யோர்க்ஷயரின் கெல்லிங்லி, 2015 டிசம்பரில். 2021 மே முதல் இங்கிலாந்தில் வீட்டுக்கான பை நிலக்கரி விற்பனைக்கு இல்லை. 2023 மே முதல் உதிரியாகவும் இல்லை. நிலக்கரியில் ஓடிய கடைசி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30இல் நின்றது.

ஆனால் நெருப்பு திரும்பி வருகிறது. வட லண்டனில் என் மகள் வாங்கியிருப்பது விக்டோரியா காலத்து வீடு. வாசல் நடைபாதையில் வட்டமான இரும்பு மூடி ஒன்று இருக்கிறது, ஓரடி விட்டம். 112 இறாத்தல் சாக்கைத் தோளில் சுமந்து வந்தவர்கள் அதைத் திறந்து கீழே உள்ள கரி அறைக்குள் கொட்டிவிட்டுப் போவார்கள். கள்ளன் இறங்க முடியாத அளவாகப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். போன வருடம் மகளும் மருமகனும் கூடத்துச் சுவரை உடைத்து, யாரோ ஓர் ஆச்சி அடைத்துவைத்த அடுப்பைத் திறந்து, கண்ணாடிக் கதவுள்ள விறகு அடுப்பு பொருத்தினார்கள். விலையைக் கேட்டு நான் இருமினேன். சூளையில் உலர்த்திய விறகு பையில் வருகிறது. ஈரம் இருபது சதவீதத்துக்குக் குறைவு என்று முத்திரை. இந்த நாட்டுக் காற்றில் கலக்கும் நுண்துகளில் வீட்டு விறகு நெருப்புக்குக் கணிசமான பங்கு இருக்கிறது என்று பத்திரிகையில் வந்ததைக் காட்டினேன். எங்களுடையது புதுமாதிரி, அனுமதி பெற்றது அம்மா, என்றாள் மகள்.

வடிவாகத்தான் எரிகிறது. நானும் காலை நீட்டி உட்கார்ந்தேன். சாம்பல் யார் அள்ளுவது என்று கேட்டேன். மருமகன் என்றாள். மருமகனைக் கேட்டேன். வியாழக்கிழமைகளில் வீடு துப்புரவாக்க ஒரு பெண் வருகிறாராம்.